மார்த்தா கேட்டது

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பல வருடம் மறைக்கல்வி படிப்பித்தவள் நான். உயிர்த்தெழுதல், நித்திய வாழ்வு, புனிதர்களின் உறவு எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் கேள்வி பதிலாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கும் அதில் ஒரு சந்தேகமும் இல்லை. தொழிலில் நான் கணக்காளர். ஐந்தொகையின் இரண்டு பக்கமும் சமப்படும் என்பதை எப்படி நம்புகிறேனோ, அப்படித்தான் கடவுளையும் நம்பினேன்.

தம்பிக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு வீடும் மகரகம ஆஸ்பத்திரியுமாக அலைந்தோம். புறக்கோட்டையில் 138 பஸ் ஏறினால் ஹைலெவல் வீதி நெரிசலில் ஊர்ந்துதான் போகும். அந்த நேரமெல்லாம் ஜெபமாலை சொன்னேன். இரத்தம் தேவை என்றபோது அவனுடைய கூட்டாளிமார் ஓடி வந்தார்கள். சிங்களப் பெடியனும் முஸ்லிம் பெடியனும் ஒரே வாங்கில் முறைக்காகக் காத்திருந்ததைப் பார்த்து அம்மா அழுதார். அவனுக்கு 31 வயது. பிழைக்கவில்லை.

செத்த வீட்டில் ஆட்கள் சொன்னவற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "ஆண்டவருக்குப் பிரியமானவையளத்தான் வேளைக்குக் கூப்பிடுவார்", "எல்லாம் அவரின்ர சித்தம் பிள்ளை." நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் பெட்டி நடுவீட்டில் இருக்கும்போது தயவுசெய்து யாருக்கும் இதைச் சொல்லாதீர்கள். ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி ஊற்றித் தந்த பக்கத்து வீட்டு அன்ரிதான் எனக்குப் பெரிய ஆறுதல்.

31ஆம் நாள் பூசை முடிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். நான் படிப்பித்த பதில்களெல்லாம் அப்படியே இருந்தன, ஒன்றும் பொய்யாகவில்லை. ஆனால் ஒன்றுகூட என்னைப் பார்த்துச் சொன்னதாக இல்லை. மறைக்கல்வி வகுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டேன்.

வயதான ஒரு ஃபாதரிடம் போனேன். விளக்கம் தருவார் என்று நினைத்தேன், தரவில்லை. "88ஆம் திருப்பாடலைச் சத்தமாக வாசி. பிறகு யோவான் 11" என்றார், அவ்வளவுதான். வேதத்தில் செபங்களாக இருக்கிற பாடல்கள்தான் திருப்பாடல்கள். அவற்றில் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் புகழ்ச்சிக்குத் திரும்பும். சிலுவையில் இயேசு கதறிய அந்த 22ஆம் பாடல்கூட அப்படித்தான் முடிகிறது. 88 திரும்பாது, இருட்டில் தொடங்கிய முறைப்பாடு இருட்டிலேயே நிற்கிறது. இப்படி ஒரு செபமும் வேதத்துக்குள் இருக்கலாம் என்பதே அப்போது எனக்குப் போதுமாக இருந்தது.

யோவான் 11, அதாவது யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தை, எத்தனையோ தரம் படிப்பித்திருக்கிறேன். லாசர் இறந்து நான்கு நாளான பிறகு இயேசு வருகிறார். மார்த்தா எதிரே போய், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான் என்கிறாள். உன் சகோதரன் உயிர்த்தெழுவான் என்கிறார் அவர். இறுதி நாளில் எழுவான் என்று தெரியும் என்கிறாள் இவள். மறைக்கல்விச் சோதனையில் முழுப் புள்ளி கிடைக்கும் பதில். அவர் அதைப் பிழை என்று சொல்லவில்லை, ஆனால் அதோடு விடவும் இல்லை: உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே, இதை நீ நம்புகிறாயா என்று அவளிடமே கேட்கிறார். பிறகு கல்லறைக்குப் போகிற வழியில் அழுகிறார். எழுப்பப் போகிறவர் ஏன் அழ வேண்டும்?

அன்று இரவு சட்டி கழுவிக்கொண்டே வாய்விட்டு ஏசினேன். "138இல இருந்து நான் சொன்ன ஜெபமாலை எல்லாம் உமக்குக் கேட்டதுதானே? பிறகேன் வரேல்ல?" அம்மா எட்டிப் பார்த்து, "ஆரோட பிள்ளை கதைக்கிறாய்?" என்றார். ஃபோன் என்று நினைத்திருக்கிறார். எனக்குக் காட்சியும் வரவில்லை, குரலும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தேன். அதற்கு முன் செபத்தில் நான் அவரோடு இப்படிக் கதைத்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடமும் போகத் தொடங்கினேன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்த கோயில். திருத்தி, ஜூன் 12ஆம் திகதி, திருவிழாவுக்கு முதல் நாள் மீண்டும் திறந்தார்கள். இந்துக்களும் பௌத்தர்களும்கூட வருவார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா மகனின் விசா கதையை, பக்கத்து வீட்டாரிடம் சொல்வது போலச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும் வரை நின்றுவிட்டு என்னுடையதைச் சொன்னேன்.

அம்மா இன்னும் கோயிலுக்கு வருவதில்லை. நான் வற்புறுத்துவதும் இல்லை.

இந்த வருடம் வகுப்பைத் திரும்ப எடுத்திருக்கிறேன். யோவான் 11 வந்த அன்று ஒரு பெடியன் கையை உயர்த்தினான். "டீச்சர், லாசர் பிறகும் ஒருநாள் செத்திருப்பார்தானே?"

"ஓம்."

"அப்ப ஏன் எழுப்பினவர்?"

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மணி அடிக்கும் வரை அதைப் பற்றியே கதைத்தோம்.