மோக்காவில் திறந்த காது

இசைப் பட்டம் வாங்கியதும் உறவினர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இப்போது எத்தனை கீர்த்தனை தெரியும்?" கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஆனால் மொரீஷியஸ் தீவில், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் கற்றதில் நான் பெரிதாக மதிப்பது, அங்கே கேட்கப் பழகியதை. நம் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொன்னதும் அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

கோவிலில் சின்ன வயதிலிருந்தே பாடிக்கொண்டிருந்தவள் நான். மோக்காவில் மறுபடியும் மாயாமாளவகௌளை ராகத்தில், தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையிலிருந்து தொடங்கினோம். மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாட வேண்டும். அதற்கும் முன்னால் தம்பூராவின் அருகில் உட்கார்ந்து ஷட்ஜத்தை (ஸ) மட்டும் பிடித்து நிற்க வேண்டும். கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் மந்தர ஷட்ஜத் தந்தியில் அந்தர காந்தாரமும் (க) ஒலிக்கும், கவனித்துக் கேளுங்கள் என்று ஆசிரியர் சொன்னார். மீட்டுவது ஷட்ஜமும் பஞ்சமமும்தான், காந்தாரம் எங்கிருந்து வரும்? பல வாரம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு மழைநாளில் கேட்டது. அதன்பிறகு எந்தத் தம்பூராவிலும் அது எனக்குக் கேட்காமல் இருந்ததில்லை. நான் இசை மாணவி ஆனது அந்த நாளில்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் தாளம். நம் ஊரில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். காத்ர போர்னில் கோர் தெ கார்த் மலைக்கோவிலுக்குக் காவடியோடு ஏறாத தமிழ்க் குடும்பம் குறைவு. அந்த ஊர்வலத்தில் பாடும் காவடிச் சிந்துப் பாட்டை எத்தனை வருடம் பாடியிருப்போம்! அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடிய காவடிச் சிந்தின் நடை திஸ்ரம் என்பதை வகுப்பில் கைத்தாளம் போட்டபோதுதான் புரிந்துகொண்டேன். தகிட, தகிட என்று மும்மூன்றாக ஓடும் அந்த நடைதான், தோளில் பாரத்தோடு வருகிறவரின் காலைத் தூக்கி வைக்கிறது.

அதே வாரம் பக்கத்து வீட்டில் கல்யாணம், இரவில் இந்தத் தீவின் ஆட்டமும் பாட்டுமான சேகா. ரவான் என்னும் ஆட்டுத்தோல் மேளத்தைத் தீயில் காட்டிச் சூடேற்றி வாசிக்கத் தொடங்கினார்கள். ஆறு தட்டு ஒரு சுற்று. அதை மும்மூன்றாகவும் எண்ணலாம், இரண்டிரண்டாகவும் எண்ணலாம், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுகின்றன. என் கை தொடையில் தானாகத் தகிட போட்டது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் காத்துவந்த இசை அது. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. கர்நாடக இசை படிக்கிறவர்களுக்குச் சேகா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்தத் தீவில் பிறந்தவர்களுக்கு இரண்டும் சொந்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

வகுப்புத் தோழர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தெலுங்குக் குடும்பம், போஜ்புரி பேசும் குடும்பம், கிரியோல் மட்டுமே பேசும் வீடு என்று பல இடத்திலிருந்து வந்தோம். அடுத்த அறையில் தபலா, எதிரே பரதநாட்டியச் சலங்கை. அவரவர் சுருதியை விடாமல் அந்தச் சத்தத்துக்குள் பாடியே வளர்ந்தோம்.

கடைசி ஆண்டில் நிரவல்தான் என்னை மாற்றியது. பாட்டின் ஒரே ஒரு வரியை மீண்டும் மீண்டும் பாடுவது அது. சொற்கள் தாளத்தில் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். ராகம் மட்டும் விரிய வேண்டும். சொல்லின் பொருள் மனத்தில் இல்லாவிட்டால் இரண்டு தாளச் சுற்றிலேயே கற்பனை வற்றிவிடும். வீட்டில் கிரியோல் பேசி வளர்ந்த நான், தமிழை ஊன்றிப் படிக்கத் தொடங்கியது இதனால்தான். பட்டத் தேர்வுக் கச்சேரியில் மிருதங்கக்காரர் என் வரியைக் கேட்டுக் கேட்டு வாசித்தார். நானும் அவரைக் கேட்டுப் பாடினேன். மதிப்பெண்ணை விட அந்த உரையாடல்தான் எனக்கு இன்றும் பெரிது.

சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். தைப்பூசத்துக்கு முந்திய விரத நாட்களில் கோவில்களில் பிள்ளைகள் கூடுகிறார்கள். அவர்களுக்குக் காவடிச் சிந்துப் பாட்டையும் அதன் தாளத்தையும் நம் பழைய மாணவர்கள் சேர்ந்து சொல்லிக்கொடுக்கலாம். சனிக்கிழமை பிற்பகல் என்றால் நான் வந்துவிடுவேன், தம்பூராவோடு. மிருதங்கம் வாசிப்பவர்கள் யாராவது கூட வந்தால் நல்லது.