ஜீனோமிக்ஸ் பேப்பர் படிக்கிறவங்க ஃபை எக்ஸ் 174ல இருந்து ஆரம்பிங்க

எம்எஸ்சி மைக்ரோபயாலஜில ஜீனோமிக்ஸ் பேப்பருக்கு எப்படி படிச்சீங்கன்னு ஜூனியர்ஸ் ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, அதான் மொத்தமா எழுதிடுறேன்.

முதல் இன்டர்னல்ல எனக்கு ரொம்ப கம்மி மார்க். எந்த கிருமியோட ஜீனோம்ல (அதோட மொத்த மரபுத் தகவல்) எத்தனை பேஸ் (டிஎன்ஏ, ஆர்என்ஏவோட ஒவ்வொரு எழுத்து) இருக்குன்னு டேபிள் போட்டு மனப்பாடம் பண்ணிட்டு போனேன், கேள்வி பூரா ஏன், எப்படின்னு வந்துச்சு. அதுக்கப்புறம் தான் ஒரு சின்ன ஜீனோமை முழுசா கையில வச்சு படிச்சுப் பாப்போம்னு ஃபை எக்ஸ் 174 எடுத்தேன். ஈ.கோலைங்கிற பாக்டீரியாவை தாக்குற வைரஸ் (ஃபேஜ்) இது, ஒத்தை இழை வட்ட டிஎன்ஏ, மொத்தமே 5386 பேஸ், 1977ல சாங்கர் டீம் வெளியிட்டது. என்சிபிஐங்கிற ஆன்லைன் டேட்டாபேஸ்ல ஃப்ரீயா இருக்கு, பிரிண்ட் எடுத்தா ரெண்டு பக்கம் வரும்.

இப்ப ஒரு கணக்கு போடுங்க. மூணு பேஸுக்கு ஒரு அமினோ ஆசிட், அப்போ 5386ஐ மூணால வகுத்தா 1795. ஆனா அது செய்ற புரோட்டீன் எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா அதைவிட அதிகமா வருது! டி ஜீனுக்குள்ளயே ஈ ஜீன் முழுசா உக்காந்திருக்கு, ரீடிங் ஃபிரேம், அதாவது மூணு மூணா பிரிக்க ஆரம்பிக்கிற இடம் மட்டும் வேற. ஸ்கூல்ல படிச்ச பிரிமொழிச் சிலேடை ஞாபகம் இருக்கா, பலகைன்னு சேத்துப் படிச்சா ஒண்ணு, பல கைன்னு பிரிச்சுப் படிச்சா இன்னொண்ணு, அதே தான் இங்கயும். பென்சில்ல மூணு மூணு எழுத்தா கோடு போட்டு ரெண்டு ஃபிரேம்லயும் படிச்சுப் பாருங்க, ஓஆர்எஃப் (நடுவுல நிக்காம புரோட்டீனா படிக்கக்கூடிய பகுதி), ஸ்டாப் கோடான் (படிக்கிறதை நிறுத்துற மூணெழுத்து) எல்லாம் தானா புரிஞ்சிடும், இந்த இடத்துல ஒரு மியூட்டேஷன் வந்தா ரெண்டு புரோட்டீனும் மாறலாம்ங்கிறதும் புரியும்.

"முதல் ஜீனோம் எது"ன்னு கேள்வி வந்தா நிதானமா படிங்க. ஆர்என்ஏ வைரஸ்னா எம்எஸ்2, 1976. டிஎன்ஏன்னா ஃபை எக்ஸ். தனியா வாழ்ற உயிர்னு கேட்டா தான் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே, 1995, சுமார் 18.3 லட்சம் பேஸ். பேர்ல இன்ஃப்ளூயன்சா இருந்தாலும் அது பாக்டீரியா, நிறைய பேர் இங்க தான் வழுக்குறாங்க.

அந்த ஹீமோஃபிலஸ்ல இருந்து தான் ஷாட்கன் முறையை படிக்கணும். ஜீனோமை துண்டு துண்டா உடைச்சு, துண்டுகளைப் படிச்சு (இப்படி படிச்ச ஒவ்வொண்ணும் ஒரு ரீட்), ஒண்ணு மேல ஒண்ணு படியிற இடத்தை வச்சு கம்ப்யூட்டர்ல ஒட்டுறாங்க, இது தான் அசெம்பிளி. ஒரே எழுத்து வரிசை பல இடத்துல (ரிப்பீட்) வந்தா ஒட்டுறது குழம்பிடும். டிபி கிருமியில பிஇ, பிபிஇன்னு ஒண்ணு மாதிரியே இருக்கிற ஜீன் கூட்டம் இருக்கு, ஷார்ட் ரீட்ஸை வச்சு அந்தப் பகுதியை நம்பி சொல்றது கஷ்டம், லாங் ரீட் எதுக்குன்னு கேட்டா இதையே உதாரணமா எழுதுங்க.

அசெம்பிளி எவ்ளோ நீளத் துண்டா வந்திருக்குன்னு சொல்ற என்50ங்கிற அளவை நான் சராசரின்னே நினைச்சுட்டு இருந்தேன், இல்லைங்க. கான்டிக் (ரீட்ஸை ஒட்டிக் கிடைக்கிற துண்டு) நீளம் 80, 70, 50, 40, 30, 20னு வச்சுக்கோங்க, மொத்தம் 290, பாதி 145. பெருசுல இருந்து கூட்டிட்டே வாங்க, 80ம் 70ம் சேந்தா 150, பாதியைத் தாண்டியாச்சு, அப்போ என்50 எழுபது. தப்பா ஒட்டினாலும் என்50 கூடும்கிறதையும் ஒரு வரி சேத்துக்கோங்க.

வைரஸ் பகுதிக்கு வைரஸை ஏழு வகையா பிரிக்கிற பால்டிமோர் வகைப்பாட்டை உருப்போட வேணாம், இந்த வைரஸ் எம்ஆர்என்ஏ (புரோட்டீன் செய்யப் படிக்கிற பிரதி) எப்படி செய்யுதுன்னு ஒரே கேள்வி போதும். ஃப்ளூ ஏ வைரஸ்ல 8 தனித்தனி துண்டு, ரெண்டு வைரஸ் ஒரே செல்லுல புகுந்தா துண்டு மாறிக்கும். கோவிட் வைரஸான சார்ஸ் கோவி 2 அப்படி இல்ல, ஒரே நீளமா 29,903 பேஸ், அவ்ளோ பெரிய ஆர்என்ஏவை காப்பி எடுக்க தப்பு திருத்துற என்சைமையும் கூடவே வச்சிருக்கு.

பிராக்டிகலுக்கு ஒண்ணு சொல்லணும். எனக்கு குடுத்த பாக்டீரியா டேட்டாவை அசெம்பிள் பண்ணினப்போ 5400 பேஸ் கிட்ட ஒரு குட்டி கான்டிக் வந்துச்சு, வட்டமா வேற இருக்கவும் பிளாஸ்மிட்னு (பாக்டீரியாவுல தனியா இருக்கிற குட்டி டிஎன்ஏ வட்டம்) ரெக்கார்டுல எழுதிட்டேன். மேடம் பிளாஸ்ட் (தெரிஞ்ச வரிசைகளோட ஒப்பிட்டுத் தேடுற டூல்) போட்டுப் பாக்கச் சொன்னாங்க, ஃபை எக்ஸ் 174! இல்லுமினா மெஷின்ல டிஎன்ஏ படிக்கிறப்போ, மெஷின் சரியா படிக்குதான்னு பாக்க கன்ட்ரோலா அதைத் தான் கலக்குறாங்க, அந்த ரீட்ஸை வடிகட்டாம விட்டிருக்கேன். அசெம்பிளிக்கு முன்னாடியே அதை ஃபில்டர் பண்ணிடுங்க, வைவால எதுக்கு பண்ணினேன்னு கேட்டாலும் சொல்லலாம்.