இருபதாம் இரவு: கால்வே குளிர்கால நாட்குறிப்பு

ஜனவரி 25, 2025, சனி

கரண்ட் இல்லை. நோட்டில் எழுதி வைக்கிறேன், வந்ததும் இங்கே ஏற்றுவேன்.

வியாழன் இரவு எனக்கு நைட் டியூட்டி. வெள்ளி விடியற்காலையில் எயோவின் புயல் அயர்லாந்தின் மேற்குக் கரையைப் பிடித்தது. கால்வே கரையோரத்து மேஸ் ஹெட்டில் மணிக்கு 184 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியிருக்கிறது. இந்த நாட்டில் இதுவரை பதிவானதிலேயே அதுதான் அதிகம். 7,68,000 இணைப்புகளில் மின்சாரம் போய்விட்டது. முதியோர் இல்லத்தில் ஜெனரேட்டர் ஓடியதால் வராந்தா விளக்குகள் மட்டும் எரிந்தன. நாடு முழுக்க ரெட் அலர்ட், மாற்று ஆள் வீட்டை விட்டுக் கிளம்பவே முடியாது. காலை எட்டுக்கு முடிய வேண்டிய டியூட்டி மதியம் இரண்டுக்குத்தான் முடிந்தது.

தொண்ணூற்று நான்கு வயதுப் பாட்டி ஒருவர் விடியும்வரை என் கையை விடவில்லை. காற்று ஓங்கி அடிக்கும்போதெல்லாம் விரல்கள் இறுகும், தணிந்தால் தளரும். அம்மா போன இரவும் இப்படித்தான், நான் வேறு யாருடைய அம்மா பக்கத்திலோ உட்கார்ந்திருந்தேன். 2023 புரட்டாசி. திருச்சி ஆஸ்பத்திரியில் அண்ணன் மட்டும் இருந்தான். டிக்கெட் போட்டிருந்தேன், மறுநாளைக்கு.

ஜனவரி 29, புதன், தை அமாவாசை

இன்னும் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாமே மின்சார ஹீட்டர் என்பதால் ராத்திரிகளில் பக்கத்துப் பண்ணை வீட்டில்தான் இருக்கிறோம். அந்த வீட்டம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. டொனிகாலில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். மாடுகளை இன்றும் அவரேதான் பார்த்துக்கொள்கிறார்.

இங்கே நள்ளிரவு ஒன்றரை மணி இருக்கும்போது அண்ணன் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்திருப்பான். ஐந்தரை மணி நேர வித்தியாசம். எள்ளும் தண்ணீரும் அவன் கையில், எனக்கு இங்கே ஒரு வேலையும் கிடையாது. பெண் பிள்ளை, அதிலும் கடல் கடந்தவள். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றேன். நிலவில்லாத வானம், கீழே ஊர் முழுக்க ஒரு பல்பு கிடையாது. பதினோரு வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன், அமாவாசை என்றால் எவ்வளவு இருட்டு என்று நேற்று இரவுதான் தெரிந்தது. சின்ன வயதில் அம்மா மொட்டை மாடியில் காட்டிய நட்சத்திரங்கள் எல்லாம் இருந்தன, இன்னும் நிறையவும் இருந்தன.

உள்ளே வந்தபோது வீட்டம்மா தூங்கப் போகுமுன் அடுப்பைச் சாத்திக்கொண்டிருந்தார். எரிந்துகொண்டிருந்த டர்ஃப் கட்டிகளை, அதாவது சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிகளை, இடுக்கியால் ஒன்றுசேர்த்தார். நல்ல கங்குகளை நடுவில் கூட்டி, சாம்பலை அள்ளிச் சுற்றிலும் போட்டு, கரண்டியின் முதுகால் மெதுவாகத் தட்டினார். சிவப்பு முழுக்க மறைந்தது. உதட்டுக்குள் ஐரிஷ் மொழியில் எதையோ சொன்னார். என்னவென்று கேட்டேன். கிறிஸ்து எல்லாரையும் காப்பது போல இந்த நெருப்பைக் காக்கிறேன், வீட்டின் இரு முனைகளிலும் பிரிஜிட், நடுவில் மரியாள் என்று அர்த்தமாம். அவருடைய பாட்டி சொன்னதாம்.

காலையில் சாம்பலை விலக்கியபோது கங்கு அப்படியே இருந்தது. நீறு பூத்த நெருப்பு என்று எத்தனை தடவை எழுதியிருப்போம், பேசியிருப்போம். அதைக் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 31, வெள்ளி

நாளை பிப்ரவரி 1. தேவாலயத்துக்கு அது புனித பிரிஜிட் நாள், அதற்கும் முந்தைய பெயர் இம்போல்க். அயர்லாந்தின் பழைய கேலிக் ஆண்டின் நான்கு வாசல்களில் இது ஒன்று. நவம்பரில் இறந்தவர்களுக்கான சௌவின், மே மாதத்தில் நெருப்புக்கான பெல்டேன், ஆகஸ்டில் அறுவடைக்கான லூனசா. குளிர்காலத்தின் முதுகு உடைகிற நாள் இம்போல்க். ஆடுகளுக்குப் பால் சுரக்கும் காலம் என்று ஒரு பழைய ஐரிஷ் சொற்களஞ்சியம் அதற்குப் பொருள் சொல்கிறது. வெளியே பனி கொட்டினாலும் மடியில் பால் இறங்கிவிடும். இரண்டு வாரம் முன்புதான் மாட்டுப் பொங்கல் போனது. வேறு மண், வேறு விலங்கு என்றாலும் பண்டிகை வைத்திருக்கும் இடம் எனக்குப் புரிந்தது.

மதியம் வீட்டம்மாவோடு வயல் ஓரம் போனோம். கோரை மாதிரி ஒரு புல், ஈர நிலத்தில் அடர்ந்து நிற்கிறது. அரிவாள் படக்கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும். தோலை உரித்தால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போன்ற தண்டு. முன்பு அதைத்தான் கொழுப்பில் தோய்த்துத் திரியாக எரிப்பார்களாம்.

அடுப்படியில் உட்கார்ந்து பிரிஜிட் சிலுவை முடைந்தோம். ஒரு தண்டை நேராகப் பிடிக்க வேண்டும். இன்னொன்றை நடுவில் மடித்து அதன் இடுப்பில் மாட்ட வேண்டும். கால் வட்டம் திருப்பி, அடுத்ததை மடித்து முந்தையதன் மேல் மாட்டி, இறுக்கி, மறுபடி திருப்ப வேண்டும். கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்தினாலும் எல்லாம் பிரிந்துவிடும். நடுவில் ஒரு சதுரம் வளர்ந்துகொண்டே வருகிறது, நான்கு பக்கமும் நான்கு கைகள். என் விரல்களுக்கு இது பழக்கம் போலவே இருந்தது. குருத்தோலையில் தோரணம் மடிக்கும்போது அம்மா சொல்வாள், "அழுத்திப் பிடி, ஆனா நசுக்காதே." நான் முடைந்ததைப் பார்த்து வீட்டம்மா, இதற்கு முன்னாலேயே கற்றுக்கொண்டாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இருட்டியதும் ஜன்னலுக்கு வெளியே ஒரு துண்டுத் துணியைக் கட்டினார். இன்று இரவு பிரிஜிட் ஊர் வழியாக நடந்து போவாள், போகிற வழியில் துணியைத் தொடுவாள். ஒரு வருஷத்துக்கு அதுதான் மருந்து, தலைவலிக்கும் பிரசவத்துக்கும். பிரிஜிட் கிறிஸ்தவப் புனிதையா, அதற்கு முன்னால் இருந்த தேவியா என்று இங்கே புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். கவிதைக்கும் வைத்தியத்துக்கும் கொல்லுப்பட்டறைக்கும் உரியவள் அந்தத் தேவி. வீட்டம்மாவுக்கு அந்தக் கேள்வியே இல்லை. துணியின் முடிச்சு சரியாக விழுந்ததா என்பதில்தான் அவர் கவனம்.

கிறிஸ்தவத்துக்கு முந்தைய இந்தச் சமயத்தைப் பேகன் வழிபாடு என்கிறார்கள். பேகன் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மயிலுக்குப் போர்வை கொடுத்தவன்தான் முதலில் வருகிறான். சொல்லுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் குளிரில் நடப்பவளுக்காக வெளியே கட்டிய துணியைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது அவனை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நானும் ஒன்று கட்டினேன். அம்மாவின் பழைய நூல் புடவைக் கிழிசல், பெட்டிக்குள் சாமான் சுற்றி வந்தது.

பிப்ரவரி 1, சனி

துணி பனியில் விறைத்திருந்தது. எடுத்து மடித்து வைத்திருக்கிறேன்.

மாலை ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. எட்டு நாளைக்குப் பிறகு ஃபிரிட்ஜ் சத்தம். வீட்டம்மாவிடம் நன்றி சொல்லப் போனேன், டீ குடிக்காமல் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்ட கதை என்று ஒன்றைச் சொன்னார். வந்து தேடிப் பார்த்தேன், பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் அதை எழுதியே வைத்திருக்கிறார்.

கில்டேரில் பிரிஜிட்டின் நெருப்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. பத்தொன்பது கன்னியாஸ்திரீகள் ஆளுக்கு ஓர் இரவு காவல் இருப்பார்கள். இருபதாம் இரவு யாரும் இருக்க மாட்டார்கள். பத்தொன்பதாமவள் கட்டையை அடுக்கி வைத்துவிட்டு, "பிரிஜிட், உன் நெருப்பை நீயே பார்த்துக்கொள், இன்று இரவு உன் முறை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். காலையில் கட்டை எரிந்திருக்கும், நெருப்பும் இருக்கும்.

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு காலையும் ஹேண்டோவர் கொடுப்பவள் நான். யார் சாப்பிட்டார், யார் தூங்கவில்லை, யாருக்கு மூச்சு சரியில்லை. அடுத்தவர் தலையாட்டியபின்தான் கோட்டை எடுப்பேன். அம்மா விஷயத்தில் யாரிடமும் ஹேண்டோவர் கொடுக்கவில்லை. அந்த ஓர் இரவை இன்னும் கையிலேயே வைத்திருக்கிறேன்.

விளக்கை அணைத்துவிட்டு, அம்மா கொடுத்தனுப்பிய காமாட்சி விளக்கை ஏற்றினேன். முதல் இரவு.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று அரசு விடுமுறை. 2023-லிருந்துதான் பிரிஜிட் பெயரில் விடுமுறை விடுகிறார்கள். ஒரு பெண்ணின் பெயரில் இங்கே வந்த முதல் விடுமுறை. கில்டேருக்கே போய்விட்டோம். கில்டேர் என்றால் ஓக் மரத்துக் கோயில்.

பேராலயத்து வளாகத்தில் பழைய நெருப்பு வீட்டின் அடித்தளம் தரையோடு தரையாக இருக்கிறது. கற்கள், புல், அவ்வளவுதான். பல நூற்றாண்டுகள் அணைந்து கிடந்த நெருப்பை 1993-இல் பிரிஜிட் சபைச் சகோதரிகள் மறுபடி ஏற்றினார்கள். சந்தைச் சதுக்கத்தில் 2006 முதல் ஒரு தூணின் உச்சியில், ஓக் இலைகளுக்கு நடுவே கொட்டை வடிவக் கிண்ணத்தில் எரிகிறது. இதைப் பார்க்கத்தான் வந்தேன், ஆனால் என்னை நிறுத்தியது ஊருக்கு வெளியே டல்லியில் உள்ள கிணறு. கிணறு என்பதைவிட ஊற்று என்று சொல்லலாம். வரிசையாக நட்ட கற்கள், ஒவ்வொரு கல்லிலும் நின்று ஜெபித்துக்கொண்டே தண்ணீரை அடைகிறார்கள். பக்கத்து மரத்தில் துணிகள், ரிப்பன்கள், குழந்தையின் காலுறை ஒன்று.

டப்ளினிலிருந்து வந்த ஒரு பெண்மணியோடு பேச்சுக் கொடுத்தேன். பேகன் வழியில் இருப்பவர். மாதாமாதம் பௌர்ணமிக்கு ஆறேழு பேர் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கூடுவார்களாம். வளர்பிறையில் ஆரம்பிக்க வேண்டியதை வாய்விட்டுச் சொல்வது, தேய்பிறையில் விட வேண்டியதைத் தாளில் எழுதி எரிப்பது. அவர் ஒளிக்காமல் சொன்னார்: எட்டுப் பண்டிகைகள் கொண்ட ஆண்டுச் சக்கரம் என்று இப்போது எல்லாரும் கொண்டாடுவது 1950-களில் இங்கிலாந்தில் பேகன் வழியைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னரும் ராஸ் நிக்கல்ஸும் சேர்த்துக் கட்டியது. நான்கு கேலிக் நாட்கள்தான் பழையவை. சரி, அதனால் என்ன? இங்கே தாரா குன்றில் 5000 ஆண்டுக்கும் பழைய ஒரு கல்லறை மேடு இருக்கிறது, இந்த வாரத்துச் சூரியன் உதிக்கும்போது அதன் வழிநடைக்குள் வெளிச்சம் போகிறது. அதைக் கட்டியவர்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வெளிச்சம் போகிறது.

இருபது நாள் சுற்றில் நெருப்பைக் காக்கும் வழக்கம் இன்றும் உண்டு என்றும் அவர்தான் சொன்னார். பல நாடுகளில் ஆளுக்கு ஒரு நாள் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், கிறிஸ்தவர்களும் பேகன்களும் கலந்து. இருபதாம் நாள் அவளுக்கு. நான் இன்று மூன்றாம் இரவு என்றேன். வேறு எதுவும் கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 12, புதன், பௌர்ணமி

பன்னிரண்டாம் இரவு. நேற்று தைப்பூசம், இன்று இங்கே முழு நிலவு, பண்ணை வேலிக்கு மேலே மஞ்சளாக ஏறியது. நைட் டியூட்டி நாட்களில் என் வீட்டுக்காரர் விளக்கேற்றுகிறார். ஒருநாள்கூட மறக்கவில்லை.

பிரான்ஸில் கொலிக்னி என்ற ஊரில் 1897-இல் கிடைத்த வெண்கல நாட்காட்டியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய ஐரோப்பியக் குடிகளான கெல்ட்டியர்களுடையது, ஐந்து ஆண்டுக்கு 62 மாதம். எல்லாம் நிலவு மாதங்கள், சூரியனோடு ஒத்துப்போக இரண்டு அதிக மாதங்களைச் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டு பாதி. இரண்டாம் பாதியின் தலைப்பில் மட்டும் அட்டெனூக்ஸ் என்று ஒரு சொல். வளர்பிறை, தேய்பிறை என்று நம் பஞ்சாங்கத்தில் பார்த்த கண்ணுக்கு அந்த உடைந்த தகட்டை எங்கிருந்து படிக்க வேண்டும் என்று தெரிகிறது. 

வீட்டம்மாவின் மாடு இன்று கன்று போட்டது. பெண் கன்று.

பிப்ரவரி 19, புதன்

பத்தொன்பது. இன்று என் முறை கடைசி. விளக்கை எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். சாம்பல் வீட்டம்மாவின் அடுப்பில் எடுத்தது.

பிப்ரவரி 20, வியாழன், தேய்பிறை அஷ்டமி

இன்று டியூட்டி இல்லை. எட்டு மணிக்கு எண்ணெயை விளிம்புவரை ஊற்றி, இரட்டைத் திரி போட்டு ஏற்றினேன். கீழே தட்டில் தண்ணீர் விட்டு, பக்கத்தில் எதுவும் இல்லாமல் ஒதுக்கி வைத்தேன்.

ஹேண்டோவர் கொடுப்பது போலவே கொடுத்தேன், தமிழில், வாய்விட்டு. எழுபத்தோரு வயது. சர்க்கரை உண்டு. இடது முழங்கால் வலிக்கும், அந்தப் பக்கம் தலையணை வேண்டும். இரவில் இரண்டு தடவை தண்ணீர் கேட்பாள், வெந்நீர்தான் குடிப்பாள். ரேடியோவை அணைத்தால் விழித்துக்கொள்வாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். கூப்பிட்டால், வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லவும்.

அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இன்று இரவு உன் முறை என்றேன். பிரிஜிட்டிடம் சொன்னேனா அம்மாவிடமே சொன்னேனா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

ஆறரைக்குத்தான் எழுந்தேன். நடுவில் ஒரு தடவைகூட விழிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அரை நிலவு.

விளக்கு அணைந்திருந்தது. எண்ணெய் சுத்தமாக வற்றி, திரி கருகி இருந்தது. கையால் தொட்டுப் பார்த்தேன், பித்தளை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.