மூன்று மில்லிமீட்டர் ஓட்டை, இரண்டு மில்லிமீட்டர் துல்லியம்

சைனஸ் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் தோழி ஒருத்தி, "அக்கா, உங்களுக்கு நேவிகேஷன் வைத்துத்தானே செய்தார்கள்? அது இருந்தால் பயமில்லைதானே?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டாள். நேவிகேஷன் என்பது ஆபரேஷனின்போது கருவியின் முனை எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் படத்தின் மேல் திரையில் காட்டும் ஏற்பாடு. குரல் பதிவில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இருந்தது சைனஸ் இல்லை. குனிந்தால் இடது மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டும். சளியின் வழவழப்பு இருக்காது. கைக்குட்டையில் காய்ந்தால் விறைக்காது. தொண்டையில் இறங்கினால் உப்புக் கரிக்கும். முதலில் போன இடத்தில் ஒவ்வாமை என்று மாத்திரையும் ஸ்ப்ரேயும் கொடுத்தார்கள். ஒவ்வாமை என்றால் ஏன் ஒரு பக்கம் மட்டும் ஒழுகுகிறது என்று கேட்டேன், பதில் வரவில்லை. அப்புறம் இங்கே சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகத்தில்) இளம் டாக்டர் ஒருவர் என்னைக் குனியச் சொல்லி, சொட்டுவதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். உடனே காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு போனதால் மானியக் கட்டணமும் கிடைத்தது.

அங்கே ஒரு சின்னக் குப்பியைக் கையில் கொடுத்து, சொட்டுவதைப் பிடித்து வரச் சொன்னார்கள். பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். சளியிலும் கண்ணீரிலும் அது இருக்காது, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவட நீரில் இருக்கும். என் குப்பியில் இருந்தது.

மூளை நீர் ஒழுகுகிறது என்று கேட்டதும் அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். டாக்டர் அவருக்காகவே நிதானமாக விளக்கினார்: உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கும், அதனால் தீர்ந்துபோகும் என்ற கவலை வேண்டாம். நீர் வெளியே வரும் வழியாகக் கிருமி உள்ளே போய் மூளைக்காய்ச்சல் வரலாம், அதுதான் ஆபத்து. அடிபடாமலே இப்படி ஒழுகுவது நடுத்தர வயதில், எடை கூடிய பெண்களிடம் அதிகம். மண்டைக்குள் அழுத்தம் கூடி, மெல்லிய எலும்பு தேய்ந்து ஓட்டை விழுகிறது. வயது, எடை, பெண் மூன்றும் எனக்குப் பொருந்தின. அந்த மூளைக்காய்ச்சலுக்கு எதிராக நிமோகாக்கல் தடுப்பூசியும் போட்டார்கள்.

ஓட்டை இருந்தது மூக்கின் கூரையில், வாசனை நரம்புகள் இறங்கி வரும் சல்லடை எலும்பில். அளவு மூன்று மில்லிமீட்டர். "தலையைத் திறக்கணுமா?" என்று கணவர் கேட்டார். ஒரு காலத்தில் அதுதான் வழி. 1926-இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் வால்டர் டான்டி அப்படித்தான் மண்டையைத் திறந்து அடைத்தார். ஆனால் அந்த வழியில் வாசனை உணர்வு போய்விடும் வாய்ப்பு அதிகம். இப்போது மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுச் செய்கிறார்கள், பத்தில் ஒன்பது பேருக்கு முதல் தடவையிலேயே அடைபட்டுவிடுகிறது.

நேவிகேஷன் பேச்சு வந்தது இங்கேதான். ஏற்கெனவே வேறொரு இடத்தில் எடுத்த சிடி ஸ்கேனை எடுத்துப் போயிருந்தேன். டாக்டர் திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். படங்கள் தடித்த தடித்த அடுக்குகளாக இருந்தன, மூக்கு நுனியும் நெற்றியின் மேல்பகுதியும் படத்திலேயே இல்லை. "நோயைக் கண்டுபிடிக்க இது போதும், வழி காட்ட இது போதாது" என்றார். மறுபடி எடுத்தோம், இந்தத் தடவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அடுக்குகளாக. அந்த ஸ்கேன் ஊழியர் என் கண்ணாடியையும் ஹேர்பேண்டையும் கழற்றச் சொன்னார், தலை அசையாமல் இருக்கப் போட்ட பட்டை நெற்றித் தோலை இழுக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது: ஆபரேஷன் அன்று என் முகத்தின் மேட்டுப் பள்ளங்களைத் தடவி, இந்தப் படத்தில் உள்ள முகத்தோடு கருவி பொருத்திப் பார்க்கும். படத்தில் தோல் நசுங்கியிருந்தால் பொருத்தமே கோணிவிடும்.

"எவ்வளவு துல்லியம் டாக்டர்?"

"நன்றாகப் பொருந்தினால் இரண்டு மில்லிமீட்டருக்குள்."

"ஓட்டையே மூன்றுதானே?"

சிரித்துவிட்டார். "உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கொண்டுபோய் விடுவது அதன் வேலை. எந்தக் கதவு என்று கண்டுபிடிப்பது என் வேலை."

பிறகு அவர் சொன்னதைத்தான் தோழிக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். பொருத்திப் பார்ப்பது நெற்றி, மூக்குத் தண்டு, கண்ணைச் சுற்றிய இடம் என்று முகப்பரப்பில். அங்கே பிழை குறைவு. உள்ளே போகப் போகப் பிழை கூடும், மண்டையோட்டின் அடித்தளமோ ரொம்ப உள்ளே இருக்கிறது. திரையில் வரும் பிழை எண் முகம் எவ்வளவு ஒட்டியது என்பதைத்தான் காட்டும், ஆழத்தில் என்ன பிழை என்பதை அல்ல. அதனால் அவர்கள் நன்றாகத் தெரிந்த எலும்பு முனைகளைக் கருவியால் தொட்டு, திரையும் அதே இடத்தைக் காட்டுகிறதா என்று சரிபார்க்கிறார்கள். ஆரம்பத்தில் மட்டுமல்ல, நடுநடுவிலும். தலை எங்கே இருக்கிறது என்று கருவிக்குக் காட்ட ஆபரேஷன் அன்று நெற்றியில் ஒரு பட்டை ஒட்டுவார்கள், அது கொஞ்சம் நகர்ந்தாலும் எல்லாம் பிசகிவிடும். இன்னொன்று, திரையில் தெரிவது பழைய படம். உள்ளே எதை வெட்டி எடுத்தாலும் அது மாறாது.

ஆகவே "நேவிகேஷன் இருக்கிறதா" என்று கேட்பதில் பெரிய பயனில்லை என்பது என் கருத்து. "என் ஸ்கேன் அதற்குத் தோதானதா, எப்படிச் சரிபார்ப்பீர்கள்" என்று கேளுங்கள். சாதாரண முதல் சைனஸ் ஆபரேஷனுக்கு அது கட்டாயமும் இல்லை. முன்பே ஒருமுறை வெட்டி அடையாளங்கள் மாறிப்போனவர்கள், பாலிப் என்ற சதை வளர்ச்சி மூக்கில் மண்டியவர்கள், கண், மூளை, பெரிய ரத்தக் குழாய் பக்கத்தில் வேலை உள்ளவர்கள், இவர்களுக்குத்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். செலவு மதிப்பீட்டுத் தாளில் அது தனி வரியாக வருகிறதா, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், மெடிஷீல்டு லைஃப் காப்பீடு எவ்வளவு தாங்கும் என்று கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பிறகு கேட்டதுதான். கருவி காட்டிய இடத்தில் சவ்வை விலக்கியிருக்கிறார்கள், கசிவு தெரியவில்லை. மயக்க மருந்து டாக்டர் நுரையீரலில் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பிடித்ததும், திரை காட்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் நீர் பொங்கி வந்ததாம். தொடையிலிருந்து எடுத்த சவ்வை உள்ளே செருகி, மூக்குத் தரையிலிருந்து எடுத்த தோலை மேலே போர்த்தி, பசை வைத்து, தானாகக் கரையும் பஞ்சால் அணைகொடுத்தார்கள். கண் விழித்தபோது பொட்டு வைக்கும் இடத்துக்கு மேலே, பட்டை ஒட்டியிருந்த சதுரத் தடம் சிவந்திருந்தது. மூக்கைவிடத் தொடைதான் அதிகம் வலித்தது.

வார்டில் தஞ்சாவூர்ப் பக்கத்து நர்ஸ் ஒருவர் வருகிறபோதெல்லாம் ஒரே பாட்டு: "தும்மல் வந்தா அடக்காதீங்கக்கா, வாயைத் திறந்து தும்முங்க. மூக்கைச் சிந்தவே கூடாது." தலையை உயர்த்தி வைத்துத்தான் தூங்க வேண்டும். முக்கக் கூடாது என்பதற்காக மலமிளக்கி கொடுத்தார்கள். குனிவது, கனம் தூக்குவது, விமானம் ஏறுவது எல்லாம் டாக்டர் சொல்லும்வரை கூடாது. குறட்டைக்காக இரவில் மூக்கில் காற்றை அழுத்தி ஊதும் சிபேப் இயந்திரம் மாட்டுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்தக் காற்று, ஓட்டையை அடைத்து வைத்த சவ்வைத் தள்ளிவிடலாம்.

கசிவு நின்றுவிட்டது. ஆனால் ஓட்டைக்குக் காரணமான அழுத்தம் அப்படியே இருந்தால் வேறெங்காவது உடைத்துக்கொண்டு வரலாம் என்பதால் அழுத்தத்தைக் குறைக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையும், எடையைக் குறைக்கச் சொல்லி உணவியல் நிபுணரிடம் அனுப்பலும் தொடர்கின்றன. மாத்திரையால் விரல் நுனிகள் விறுவிறுக்கும், சோடா, கோக் எதைக் குடித்தாலும் ருசி கெட்டு இருக்கும். கண் நரம்பில் வீக்கம் இல்லை என்று கண் பிரிவில் சொன்னால் அளவைக் குறைப்பார்களாம்.