'வகைதொறும்' என்ற ஒரு சொல்

"மக்களே, தலை வலிக்கா?" என்று ஆச்சி கேட்ட பிறகுதான் மணப்பெண் வாய் திறந்தாள். "ஆமா ஆச்சி, பின்னாடி இழுக்கு."

மணப்பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்வது என் வேலை. அன்று நான் அவளுக்குப் போட்டிருந்தது பக்கவாட்டில் சாய்ந்த பெரிய கொண்டை. சுசீந்திரம் கோயில் பிராகாரத்தில் விளக்கேந்தி நிற்கும் பாவைகளைப் பார்த்துவிட்டு வந்து, பல நாள் வரைந்து வைத்திருந்த வடிவம். முடி மொத்தத்தையும் ஒரே ரப்பர் பேண்டில் இறுக்கி, டோனட் என்கிற கொண்டை வளையம் வைத்து, ஸ்பிரே அடித்து ஏற்றியிருந்தேன். அதன்மேல் தோவாளைச் சந்தையிலிருந்து வந்த ஈரப் பிச்சிச் சரம். தாலி கட்டுவதற்குள் கொண்டை கழுத்துக்கு இறங்கிவிட்டது. அந்தப் பிள்ளை தலையைத் திருப்பாமல் மணமேடையில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் மனதை உறுத்துகிறது.

அப்புறம் சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையை உரையோடு எடுத்து உட்கார்ந்தேன். தொய்யகம், புல்லகம் என்று மாதவியின் தலையணிப் பெயர்களுக்காக முன்பே புரட்டிய பக்கங்கள்தான். இந்த முறை வேலை நடக்கும் வரிசையைக் கவனித்தேன். பத்துத் துவர், ஐந்து விரை, 32 ஓமாலிகை ஊறிய நீரில் கூந்தலை அலசுகிறார்கள். நாவல், கருங்காலி, கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்குகள்தான் துவர்; விரையும் ஓமாலிகையும் வாசனைச் சரக்குகள். பிறகு புகையில் உலர்த்துகிறார்கள். அதன் பிறகு, 'வகைதொறும்' கஸ்தூரிக் குழம்பு ஊட்டுகிறார்கள்.

அந்தச் சொல்லைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக! பார்லரில் நாங்கள் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து செக்‌ஷன் எடுப்பதும் இதுதானே. ஐம்பால் என்று பழம்பாடல்கள் சொல்லும் ஐந்து கூந்தல் முடிப்புகளுக்கும் உரைகளில் பெயர் உண்டு: குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை. படம்தான் கிடையாது. அதனால் சிலையின் வடிவத்தை விட்டுவிட்டு, பிரிப்பதில் இருந்து தொடங்கினேன்.

இப்போது தலையை ஐந்தாகப் பிரிக்கிறேன். நடுவில் உள்ளதைப் பின்னிச் சுருட்டி முதலில் ஹேர்பின் குத்துகிறேன், அதுதான் அடித்தளம். உச்சி, பிடரி, இரு காதோரம் என்று மற்ற நான்கையும் ஒவ்வொன்றாக அதன்மேல் சுற்றிக் கொண்டுவந்தால் பாரம் நாலாபக்கமும் பரவிவிடுகிறது. முதல் நாள் தலைக்குக் குளித்தால் கண்டிஷனர் வேண்டாம், சாம்பிராணிப் புகையில் உலர்த்துங்கள் என்று வீட்டாரிடம் சொல்லிவிடுகிறேன். வழுவழுப்பான முடியில் ஹேர்பின் நிற்காது.

பூ விஷயம் மிச்சமிருந்தது. தோவாளையில் அரளியையும் நொச்சி இலையையும் மடித்து, மணி பதித்தது போல மாணிக்க மாலை கட்டுவார்கள். கட்டுகிற அண்ணனிடம், "இதையே விரல் அகலத்துக்குக் கிடைக்குமா அண்ணே?" என்று கேட்டேன்.

"தலைக்கா? சரி, பாரமில்லாம கட்டித் தாரேன்."

அதைச் சுற்றிய முதல் மணப்பெண் பந்தியில் தோழிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிடாமல் அவள் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துஞ்சைக்கு இன்னும் எனக்கு ஒரு வடிவம் வாய்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மகளின் சுருட்டை முடியில் முயன்று பார்க்கிறேன்.