கண்டிப் பேராலயத்தில் அம்மா செலுத்திய நேர்த்தி

புனித யோசேப் வாஸ் அடிகளாரின் திருநாளான ஜனவரி 16ஆம் திகதி, அம்மாவின் நேர்த்திக்கடனைச் செலுத்துவதற்காக ஹட்டனிலிருந்து கண்டிப் புனித அந்தோனியார் பேராலயத்துக்குச் சென்று வந்தோம். அடிகளாரின் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு, 53 மணிச் செபமாலையைச் சிங்களத்திலேயே சொல்லி முடிப்பதாக அம்மா நேர்ந்திருந்தார்.

சென்ற ஆண்டு அம்மா நோயுற்றுக் கிடந்த ஆஸ்பத்திரி வார்டில் தமிழ் தெரிந்தவர் எவருமில்லை. எங்கே வலிக்கிறது என்பதைக்கூடக் கையால் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அந்த நாட்களில், தோட்டப்புற நோயாளிகளைச் சந்திப்பதற்கென்றே தமிழ் கற்றிருந்த ஒரு சிங்கள அருட்சகோதரி மாலைதோறும் வந்து, கட்டிலருகே அமர்ந்து, தட்டுத்தடுமாறி நம் மொழியில் செபித்தார். அம்மா எழுந்து நடந்த நாளிலேயே இந்த நேர்த்தி உருவாயிற்று. அதன்பின் பக்கத்து லயத்துப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பிள்ளையிடம் கேட்டு, கொப்பியில் தமிழ் எழுத்திலேயே சிங்கள மன்றாட்டுகளை எழுதி, கொழுந்து பறிக்கும்போதும் முணுமுணுத்துப் பாடமாக்கினார்.

யோசேப் வாஸ் அடிகளாரிடம் நேர்ந்ததிலும் பொருத்தம் உண்டு. கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட அந்தக் கோவாக் குருவானவர், ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் யாழ்ப்பாணத்துக்கு மாறுவேடத்தில் வந்து தமிழில் மறைப்பணி புரிந்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறையிடப்பட்டார். அந்தச் சிறையிலிருந்தபடியே சிங்களம் கற்றார். வறட்சியில் அவர் வேண்டி மழை பெய்த புதுமையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், தம்மைப் பூட்டி வைத்தவர்களின் மொழியை அன்போடு படித்ததே பெரிய புதுமை என்பேன். 1697இல் பெரியம்மை பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளிகளைத் தேடிச் சென்று பணிவிடை செய்ய அந்த மொழி அவருக்கு உதவாமலா இருந்திருக்கும்?

கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பஸ்ஸில் நின்றபடியே வந்தோம். கண்டியில் இறங்கியதும், வெளியூர்க்காரர் என்று கண்டுகொண்ட முச்சக்கர வண்டிக்காரர் வாய்க்கு வந்த கூலியைக் கேட்டார். வாசலிலோ மெழுகுவர்த்தி விற்பவர்கள் வழியை மறித்துக் கையில் திணிக்காத குறை. திருநாள் கூட்டத்தில் செபிக்க வந்தவர்களைவிடக் கைபேசியை உயர்த்திப் படம் பிடிப்பவர்களே அதிகமோ என்று சலிப்பாக இருந்தது.

அம்மா சுரூபத்தின் முன் முழந்தாளிட்டதும் பின்னால் வரிசை தேங்கி நின்றது. முதல் மணிக்குரிய மங்கள வார்த்தையின், அதாவது ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தின், முற்பாதியை நடுங்கும் குரலில் சிங்களத்தில் சொல்லி, பிற்பாதியைத் தொடங்க அவர் மூச்சு வாங்கிய கணத்தில், பின்னாலிருந்து ஒரு சிங்களத் தாய் அந்தப் பிற்பாதியைச் சொன்னார். அடுத்த மணிக்கு இருவர் சேர்ந்தனர். மூன்றாம் காரணிக்கத்துக்குள், அதாவது மூன்றாவது பத்து மணிகளுக்குள், நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்த வரிசையே பதில் செபம் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசிப் பத்து மணிகளில் அம்மா கண்ணீர்ப் பெருக்கில் தம்மையறியாமல் தமிழுக்கு வந்துவிட்டார். அந்தத் தாய் சற்றும் தயங்காமல் சிங்களத்திலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார், இருவரும் நிறுத்தவில்லை. திருத்தூதர் பணிகள் இரண்டாம் அதிகாரத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பெந்தகோஸ்து நாளில், சீடர்கள் பேசியதைத் தத்தம் மொழியிலேயே கேட்டு எருசலேமில் கூடியிருந்தவர்கள் அடைந்த வியப்பு அன்றுதான் எனக்கும் வந்தது. இயேசுவே, உமக்குத் தோத்திரம்! பேர் தெரியாத அந்தத் தாய்க்கும், அம்மாவின் கட்டிலருகே அமர்ந்த சகோதரிக்கும், எங்கள் புனிதருக்கும் கோடி நன்றி.

திருப்பலியில் என்ன பிரசங்கம், என்ன பாடல் என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு எதுவும் சரியாக நினைவில்லை. அம்மாவோ இப்போது சிங்களத்தில் விசுவாசப் பிரமாணத்தை எழுதத் தொடங்கிவிட்டார். அது மிக நீளம் என்று பக்கத்து லயத்துப் பிள்ளைதான் முறையிடுகிறாள்.