கள்ளிக்குடி டிக்கெட்

ஜூன் 3

தண்ணீர்க் குடத்தில் பல்லி விழுந்துவிட்டது. அதைச் சொல்ல ஓடி வந்தான் சின்னவன். "ப-ப-ப-ப" என்று தொடங்கியவனுக்கு, அடுத்த 'ப'வில் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. சத்தமே வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு தொடையில் ஓங்கித் தட்டினான். அப்புறம்தான் "பல்லி" வந்தது. அதற்குள் பெரியவள் பல்லியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அவன் சொல்ல வந்ததையும் தானே சொல்லி முடித்துவிட்டாள்.

அவனுக்கு மூன்றரை வயது. சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்த்துவிட்டு வந்த வாரத்தில் ஆரம்பித்தது இது. கூட்டத்தில் பயந்துவிட்டான் என்கிறார் அத்தை. பயந்த பிள்ளையா, அப்பா தோளில் உட்கார்ந்து, தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தான்?

ஜூன் 8

ஒரு பிள்ளைக்குத் திக்கினால் போதும், திருநகரில் எங்கள் தெருவே வைத்தியராகிவிடுகிறது. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவு. கோயில் மணியில் தண்ணீர் ஊற்றிப் பிடித்துக் கொடு. வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசச் சொல். (தொண்டையில் சிக்கினால் யார் பதில் சொல்வது?) கோரிப்பாளையம் தர்காவில் மந்திரித்து வா. நாக்குக்கு அடியில் வெட்டிவிடச் சொல்.

அத்தைக்குத் திருச்செந்தூர். ஐந்து வயதுவரை பேசாத குமரகுருபரர் அங்கேதானே வாய் திறந்தார், பிறகு நம் மீனாட்சிக்கே பிள்ளைத்தமிழ் பாடவில்லையா என்கிறார். பாடினார்தான். ஆனால் இவன் பேசாத பிள்ளை இல்லையே, பேச்சை நிறுத்தாத பிள்ளை. கடலில் குளிப்பாட்டி அழைத்து வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒன்றுதான் கசந்தது. "சித்தப்பாவைப் பார்த்துப் பழகிவிட்டான். கொஞ்ச நாள் அவரை வரவேண்டாம் என்று சொல்லுங்கள்." என் கொழுந்தனுக்குச் சிறு வயதிலிருந்தே திக்கும்.

ஜூன் 16

பேச்சுப் பயிற்சியாளரிடம் போனோம். நாக்கை நீட்டச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தரையில் உட்கார்ந்து அவனோடு கார் ஓட்டினார். பேச்சுக்கு நடுவே மடியிலிருந்த தாளில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்கு எனக்குப் பந்து", "அப்புறம்... அப்புறம்..." என்று முழுச் சொல் திரும்ப வருவது இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை பல பிள்ளைகளிடமும் உண்டாம். முதல் எழுத்து மட்டும் திரும்பத் திரும்ப வருவது, இழுபடுவது, சத்தமின்றி அடைத்துக்கொள்வது ஆகியவைதான் திக்கல். கண்ணை மூடுவதும் தொடையில் தட்டுவதும் அந்த அடைப்பிலிருந்து வெளியே வர அவனாகக் கண்டுபிடித்த வழிகள்.

நூறு பிள்ளைகளில் ஐந்து பேருக்காவது ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறது. முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே விட்டுப்போகிறது. பெரியவர்களில் நூற்றில் ஒருவருக்குத்தான் மிஞ்சுகிறது. ஆண் பிள்ளை, குடும்பத்தில் விடாமல் திக்குகிற ஒருவர் என்ற இரண்டும் இருந்தால் விட்டுப்போகாமல் இருக்க வாய்ப்பு கூடுதல். எங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. பார்த்துப் பழகுவதில்லையாம். 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்து, இதோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களையே கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்லாருடைய திக்கலுக்கும் அவையே காரணம் என்று ஆகிவிடாது. ஆனால் என் கொழுந்தன் தாராளமாக வீட்டுக்கு வரலாம்.

ஜூன் 25

வீட்டுப்பாடம் அவனுக்கு இல்லை, எங்களுக்குத்தான். "மெதுவாகச் சொல், மூச்சு விட்டுச் சொல்" என்று சொல்லக் கூடாது. அவன் வார்த்தையை நாம் முடித்து வைக்கக் கூடாது. அவன் முடித்த பிறகு ஒரு நொடி விட்டு, நாம் நிதானமாகப் பேச வேண்டும். கேள்விகளைக் குறைக்க வேண்டும். தினமும் ஐந்து நிமிடம் ஒருவர் மட்டும் அவனோடு, அவன் இழுத்த இழுப்புக்கு விளையாட வேண்டும்.

இதில் ஒரு நொடி விடுவதுதான் மகா கஷ்டம். எங்கள் வீட்டில் ஒருவர் பேசி முடித்து இன்னொருவர் பேசிய வழக்கமே கிடையாது. இரவுச் சாப்பாட்டில் நான்கு பேச்சு ஒரே நேரத்தில் ஓடும், டிவி ஐந்தாவது. இப்போது டிவி அணைந்திருக்கிறது. பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

ஜூலை 6

நான் வேலைக்குப் போவதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். இந்தப் பழி உள்ளூர்ச் சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரே இதற்கு அண்ணன். அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்பவர், திக்கல் குழந்தையின் வாயில் அல்ல, பெற்றோரின் காதில்தான் தொடங்குகிறது என்று வாதாடினார். சாதாரணமாகப் பேசுவதைப் பெற்றோர் குறை என்று சொல்லிச் சொல்லியே திக்கலாக்கிவிடுகிறார்களாம். 1939-இல் அவருடைய மாணவி அனாதை இல்லப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார். நன்றாகப் பேசிய சில பிள்ளைகளிடம், உனக்குத் திக்குகிறது என்று சொன்னார்கள். அவர்களுக்குத் திக்கல் வந்துவிடவில்லை. பேசக் கூசி ஒடுங்கிப்போனார்கள். பல்கலைக்கழகம் 2001-இல்தான் மன்னிப்புக் கேட்டது.

அந்த வாதம் இன்று செல்லாது. ஆனாலும் எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்திருப்பார்கள்!

ஜூலை 20

கொழுந்தன் வந்திருந்தார். திருமங்கலத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். கல்லூரி நாளில் பெரியார் நிலையத்தில் பஸ் ஏறினால் திருமங்கலத்துக்கு டிக்கெட் கேட்கமாட்டாராம். 'தி' வராது. கண்டக்டர் நிற்க, பின்னால் இருப்பவர்கள் சிரிக்க, யாரால் முடியும்? "கள்ளிக்குடி ஒன்று" என்று அதிகக் காசு கொடுத்து வாங்கி, திருமங்கலத்திலேயே இறங்கிவிடுவாராம். இத்தனை வருடம் இந்த வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. பாட்டுப் பாடும்போதும் கன்றுக்குட்டியோடு பேசும்போதும் திக்காது என்றார்.

சின்னவன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "சித்தப்பா, உங்களுக்கும் மாட்டிக்கொள்கிறதா?"

"ம்-ம்-மாட்டிக்கொள்ளும்."

"எனக்குப் பல்லியில் மாட்டியது."

"எனக்கு ஊர்ப் பெயரில்."

பேச்சு அத்தோடு முடிந்தது; இருவரும் கேரம் பலகையை எடுக்கப் போய்விட்டார்கள். அவன் முன்னால் இதைப் பற்றிப் பேசலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். தாராளமாகப் பேசலாம், மூடி மறைத்தால்தான் வெட்கப்படவேண்டிய விஷயம் என்று நினைத்துக்கொள்வான் என்றார்.

ஆகஸ்ட் 11

போன வாரம் முழுவதும் தடையே இல்லை. திருச்செந்தூர் விபூதிக்கு முழு மதிப்பெண் கொடுத்தார் அத்தை. ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து வீட்டுக்குப் போய்வந்ததும் திரும்ப வந்துவிட்டது. இப்படிக் கூடுவதும் குறைவதும் இதன் இயல்பு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு எவ்வளவு திக்கியது என்பதற்குக் காலண்டரில் தினமும் ஒரு எண் குறித்து வருகிறேன். எண்ணைப் பார்த்து என் முகம் மாறாமல் இருக்கத்தான் பழக வேண்டும்.

செப்டம்பர் 1

பள்ளி விழாவில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பழத்தின் பெயரும் அதைப் பற்றி ஒரு வரியும் சொல்ல வேண்டும். இவனுக்கு மட்டும் பேச்சில்லாமல் அட்டை பிடித்து நிற்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். நல்லெண்ணம்தான். எல்லாரும் சேர்ந்து சொன்னால் இவனுக்குத் தடை வராது, அப்படிச் செய்யலாமா என்று கேட்டேன், ஆசிரியைக்கும் சம்மதம். இவனுக்குத்தான் சம்மதமில்லை. "ந-ந-நான் பப்பாளி, நான் தனியாகச் சொல்வேன்" என்கிறான். அத்தனை பழம் இருக்க, 'ப'வில் தொடங்குவதுதான் வேண்டுமாம்.

அட்டையை வேறு பிள்ளைக்குக் கொடுங்கள், இவன் முடிக்கும்வரை யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்று டைரியில் எழுதிப் பையில் வைத்துவிட்டேன்.